மழுங்கிய ஊசியால் தேடிய கீறல்

1. துணியில் சுற்றி வந்த தகடு

நசீர் பாய் உள்ளே வந்ததும் முதலில் கேட்டது, "இந்த மெஷின் பொய் சொல்லுங்களா மேடம்?" என்பதுதான்.

"மெஷின் சொல்லாதுங்க பாய். ஓட்டுறவங்க சொன்னாத்தான் உண்டு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதே விஷயம் பெரிது என்று புரிந்தது.

அதியமான்கோட்டைக்கு அருகே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியின் கருவிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஏ.எஃப்.எம். என்ற நுண்ணோக்கி என் பொறுப்பு. கல்லூரிப் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'ஊசி மேடம்'. நேரில் சொல்ல மாட்டார்கள். கதவுக்கு வெளியே சொல்வார்கள், எனக்கு நன்றாகவே கேட்கும். அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறேன். எனக்குப் பிறகு இந்த நாற்காலியில் உட்காரப்போகிறவர்களுக்காக நசீர் பாயின் தகட்டுக் கதையை எழுதி வைக்கிறேன். மெஷினோடு வந்த தடித்த புத்தகத்தில் இது கிடையாது.

பாய்க்கு தர்மபுரி டவுனில் சின்னதாக ஒரு பாலிஷ் பட்டறை. அவருடைய அப்பா காலத்தில் பாத்திரங்களுக்குப் பாலிஷ் போட்டார்கள். இவர் அலுமினியத் தகடுகளை முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பாக்கி ஓசூரில் உள்ள ஒரு கம்பெனிக்கு அனுப்புகிறார். அங்கே அதன்மேல் கோட்டிங் போட்டு, ஏதோ கருவிக்குள் கண்ணாடியாக வைக்கிறார்கள். முதலில் அனுப்பிய மாதிரித் தகடுகளைப் பார்த்து அசந்துபோய்த்தான் ஆர்டர் கொடுத்தார்களாம். ஆர்டர் வந்த பிறகு போன தகடுகளோ ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தன.

"கண்ணால பாத்தா ஒரு கொறையும் தெரியலீங்க. அவங்க கோட்டிங் போட்டு லைட் அடிச்சா, பனி பூத்தாப்ல மங்கலா இருக்குதாம். இன்னும் ஒரே ஒரு லாட்டுத் தகடு பாப்பாங்களாம். அதுவும் சரியில்லன்னா ஆர்டர வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. அப்புறம் நான் பட்டறைய மூட வேண்டியதுதாங்க."

சொல்லிக்கொண்டே பையிலிருந்து இரண்டு தகடுகளை எடுத்தார். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். வெள்ளைப் பருத்தித் துணியில், பிறந்த குழந்தையைச் சுற்றுவதுபோலச் சுற்றியிருந்தார். பிரித்து, அதே துணியால் ஒருமுறை பதமாகத் துடைத்து என்னிடம் நீட்டினார். தகட்டைப் பிடித்த விதத்திலேயே தொழில் மேல் அவருக்கு இருந்த பக்தி தெரிந்தது.

ஒரு தகட்டின் முதுகில் 'ந' என்றும் இன்னொன்றில் 'செ' என்றும் எழுதியிருந்தது.

"ந போட்டது நான் பாலிஷ் பண்ணது. இன்னொன்னு செல்வி போட்டதுங்க. புதுசா சேந்த பொண்ணு. அது வேலைக்கு வந்த பொறவுதான் இந்தத் தலவலி ஆரம்பிச்சுது. நல்ல பொண்ணுதாங்க, ஆனா எனக்கு வேற வழி தெரியல. இப்போதைக்கு பாலிஷ் வீலத் தொடாதன்னு சொல்லி பேக்கிங்ல உக்கார வெச்சிருக்கேன். அது வேலைதான் தப்புன்னு உங்க மெஷின் சொல்லிருச்சுன்னா அனுப்பிருவேன்."

ஆக, அந்த இரண்டு தகடுகளில் ஒரு பட்டறையும் ஒரு பெண்ணின் வேலையும் இருந்தன.

2. பத்து அழகான படங்கள்

மற்ற நுண்ணோக்கிகள் பார்க்கும். எங்களுடையது தொடும். தலைமுடி அகலமே உள்ள ஒரு பட்டையின் நுனியில், கண்ணுக்கே தெரியாத ஊசி ஒன்று இருக்கும். அதை டிப் என்போம். டிப் பரப்பின்மேல் வரிவரியாகப் போய்வரும். மேடு வந்தால் பட்டை மேலே வளையும், பள்ளம் வந்தால் இறங்கும். பட்டையின் முதுகில் பட்டுத் திரும்பும் லேசர் அந்த அசைவைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கரண்ட் போன வீட்டில் சுவரைத் தடவிக்கொண்டு டார்ச் தேடுகிறோமே, அதேதான்.

தடவிப் பார்ப்பதால் இதற்கு இரண்டு குறைகள். மெதுவாகத்தான் போகும். கொஞ்ச இடத்தைத்தான் பார்க்கும். ஒரு நல்ல படத்துக்குப் பத்து நிமிடம் ஆகும், அந்தப் படத்தில் அடங்கும் இடமோ ஒரு தலைமுடியின் தடிமன்தான். உள்ளங்கை அகலத் தகடு முழுவதையும் அப்படிப் பார்க்க உட்கார்ந்தால் என் பேரன் பேத்திகள் ஓய்வு பெறும்வரை ஓட்ட வேண்டும்.

எங்கள் துறைத் தலைவர் டாக்டர் குமரேசன். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர், நல்ல மனிதர், எப்போதும் அவசரம். "மல்லிகா மேடம், ரெண்டு தகட்டுக்கும் அஞ்சஞ்சு படம் எடுத்து ரிப்போர்ட் குடுத்துருங்க. பி.எச்டி. பசங்க மெஷினுக்கு வரிசையில நிக்கிறாங்க" என்றார்.

எடுத்தேன். பத்துப் படங்களும் தேய்த்த சட்டைபோல வழுவழுவென்று வந்தன. எதிலும் கீறல் இல்லை. செல்வியின் தகட்டுக்கும் பாயின் தகட்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. குமரேசன் சாருக்குப் படங்கள் பிடித்துப்போய், ஒன்றைக் கல்லூரி வெளியீட்டில் போடலாமா என்றுகூடக் கேட்டார்.

பாய் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஓசூர் போனார். அடுத்த நாளே திரும்பி வந்தார்.

"அந்த மேனேஜர் என்னா சொன்னாருங்கிறீங்க? 'படம் நல்லாத்தான் இருக்குது, தகடுதான் நல்லால்ல'ன்னுட்டாருங்க."

எனக்குச் சுருக்கென்றது. பாய் மேல் பரிதாபம் ஒருபக்கம். இத்தனை வருடம் ஓட்டிய என் மெஷினை யாரோ ஒருவர் ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டாரே என்ற கோபம் இன்னொருபக்கம். கோபம்தான் அதிகம்.

அன்று மத்தியானம் செல்வியின் தகட்டை மறுபடியும் மேடையில் வைத்தேன். மெஷினோடு ஒரு சின்ன கேமரா உண்டு. டிப் எங்கே இறங்கப்போகிறது என்பதை அதில் பார்க்கலாம். கேமராவில் ஒரு தூசி தெரிந்தது, தள்ளிப்போனேன். இன்னொரு இடத்தில் ஏதோ மங்கலாக இருந்தது, அங்கிருந்தும் தள்ளிப்போனேன். சுத்தமான இடம் வந்ததும் இறக்கினேன்.

இறக்கிய பிறகுதான் என் கை செய்ததை என் கண் கவனித்தது. இந்த மெஷினைத் தொடுகிற யாருக்கும் நாங்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம், அழுக்கில் இறக்காதே என்பது. அழுக்கில் மோதினால் டிப் உடையும். புது டிப் வரும்வரை எல்லோர் வேலையும் நிற்கும். அதனால் எங்கள் தொழிலில் எல்லோருடைய கையும் தானாகவே நல்ல இடத்தைத் தேடிப் போகும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னறையை மட்டும் காட்டுகிற மாதிரி, தகட்டின் நல்ல முகத்தை மட்டுமே பார்த்துவிட்டு நாங்கள் ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தோம்.

3. பென்னாகரம் பஸ்

எனக்கு வீடு பென்னாகரத்தில். தினமும் பஸ்தான். அன்று மாலை பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். இடத்தை நான் தேர்ந்தெடுக்கக் கூடாது. தகடு முழுக்கக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணை மூடிக்கொண்டு இறக்க வேண்டும். அப்படியானால் நூற்றுக்கணக்கான இடங்கள். அதற்கு யார் நேரம் கொடுப்பார்கள்?

வேகத்தைக் கூட்டலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். நானும் அதைச் செய்து பார்த்தவள்தான். டிப்பை வேகமாக ஓட்டினால், மேட்டில் ஏறிய டிப் பள்ளத்தில் இறங்க மறந்து காற்றில் மிதந்து போகும். படத்தில் ஒவ்வொரு தூசிக்கும் வால் முளைக்கும். டிப் சட்டென்று ஏறி இறங்கட்டும் என்று கெயினைக் கூட்டினால் பட்டை நடுங்க ஆரம்பித்துவிடும்.

பஸ் இண்டூர் தாண்டுவதற்குள் பல முறை நின்றுவிட்டது. ஓட்டுநர் நன்றாகத்தான் மிதிக்கிறார். இருந்தும் நேரம் போவது ரோட்டில் இல்லை, நிறுத்தத்தில். ஒருவர் இறங்கி, இருவர் ஏறி, சில்லறை வாங்கி, விசில் கொடுத்துக் கிளம்புவதற்குள் போகிறது.

எங்கள் மெஷினும் அப்படித்தான் என்று சட்டென்று உறைத்தது. ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போக, டிப்பை உயரத் தூக்கி, மேடையை நகர்த்தி, மறுபடி மெதுவாக, மிக மெதுவாக இறக்குவோம். மோதிவிடக் கூடாதே என்ற பயம். ஸ்கேன் ஆகிற நேரத்தோடு இந்த ஏறி இறங்குகிற நேரமும் சேர்ந்துதான் நாளைத் தின்கிறது.

பஸ் ஊர் சேர்வதற்குள் மூன்று முடிவுகள் எடுத்துவிட்டேன். தகட்டைத் துல்லியமாக மட்டம் பார்த்து வைத்தால் டிப்பைத் துளிதான் தூக்க வேண்டியிருக்கும், இறங்குவதும் சீக்கிரம் முடியும். அடுத்தது, எனக்கு அழகான சதுரப் படம் தேவையில்லை. கீறல் என்பது நீளமானது, அதைக் குறுக்கே ஒரு கோடு வெட்டினாலே தெரிந்துவிடும். ஒவ்வொரு இடத்திலும் ஐந்நூறு வரிக்குப் பதில் பதினாறு வரி, ஒரு மெல்லிய ரிப்பன்போல. கீறல் இருக்கிறதா, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதற்கு அது தாராளம். மூன்றாவதைச் சாரிடம் சொல்லத்தான் கொஞ்சம் தைரியம் வேண்டியிருந்தது. கேமராவை மூடிவிடுவது.

"அழுக்கு மேலயே எறக்குவீங்களா? டிப்பெல்லாம் போயிருமே மேடம்" என்றார் குமரேசன் சார் மறுநாள்.

"புது டிப்ப எறக்கலீங்க சார். தேஞ்சுபோன டிப்பெல்லாம் தூக்கிப் போடாம ஒரு டப்பால வெச்சிருக்கேன். இந்த வேலைக்கு அது போதும். ஓய்வு பெற்ற டிப்புங்க. அதுக்கும் ஒரு கடைசி வேலை குடுப்போம்."

"நீங்க ஓய்வு பெறுறதப் பத்தி மறைமுகமா ஏதாவது சொல்றீங்களா?"

"நான் இன்னும் அவ்வளவு மழுங்கலீங்க சார்."

சிரித்துவிட்டு, மாணவர்கள் வராத சனிக்கிழமையை எனக்கு ஒதுக்கிக்கொடுத்தார்.

4. கோடுகள் வளைந்தன

சனிக்கிழமை காலை பாயின் தகட்டை மட்டம் பார்த்து வைப்பதற்கே நிறைய நேரம் பிடித்தது. பிறகு புரோகிராமில் கட்டம் போட்டு, கேமரா ஜன்னலை மூடிவிட்டு ஓடவிட்டேன். எழும்பும், நகரும், இறங்கும், பதினாறு வரி ஓடும், மறுபடி எழும்பும். மெஷின் இவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. இடையில் இரண்டு டிப்கள் எதிலோ மோதி உயிரை விட்டன. மாற்றிப் போட்டுவிட்டுத் தொடர்ந்தேன்.

கீறல் வந்தது. முதல் வரிசையிலேயே வந்தது. ஆழம் சில நானோமீட்டர்தான் இருக்கும், ஆனால் கீறல் கீறல்தான். தகட்டின் வரைபடம் ஒன்றைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு, எந்தக் கட்டத்தில் கீறல் வந்ததோ அங்கே அது சாய்ந்திருந்த பக்கம் ஒரு சின்னக் கோடு போட்டுக்கொண்டே வந்தேன்.

குமரேசன் சார் நடுவில் வந்து பார்த்தார். "ஒன்னு இந்தப் பக்கம் சாயுது, ஒன்னு அந்தப் பக்கம் சாயுது. அர்த்தமில்லாத வெறும் நாய்ஸ் மாதிரி இருக்கே மேடம்" என்றார். பாதித் தகடு முடிந்திருந்தது. எனக்கும் அப்படித்தான் பட்டது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது தகடு முழுக்க முடிந்திருந்தது. மிச்சக் கோடுகளையும் போட்டு முடித்து, நாற்காலியைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். தனித்தனியாகக் கோணல்மாணலாக இருந்த கோடுகள் எல்லாம் சேர்ந்து வளைந்து வளைந்து ஓடின. ஒன்றுக்குள் ஒன்றாக வில்கள், எல்லாமே கீழ்வலது மூலைக்கு வெளியே எங்கோ ஒரு புள்ளியைச் சுற்றி வளைந்திருந்தன.

பாலிஷ் வீல் இப்படிக் கோடு போடாது. அது சுற்றும், வில்லாக வளைத்துவிட்டு நிற்காது. மேஜையில் சாப்பாட்டு டப்பாவிலிருந்து கொஞ்சம் ரசம் சிந்தியிருந்தது. திரையைப் பார்த்துக்கொண்டே அதைத் துடைத்தேன். முழங்கையை ஊன்றிக்கொண்டு துடைக்கிறேன், கை ஒரே வளைவில் போய் வருகிறது. துடைத்த ஈரம் மேஜையில் வில்லாகப் பளபளத்தது.

உடனே பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், பாலிஷ் முடிஞ்சு கடைசியா தகட்டத் தொடைக்கிறது யாருங்க?"

"நான்தாங்க. எல்லாத் தகட்டையும் நான்தான் தொடைப்பேன். வேற ஆரையும் வுட மாட்டேன்."

"எந்தக் கையால?"

"சோத்துக் கையாலதாங்க. ஏன் மேடம்?"

"கொஞ்சம் வந்துட்டுப் போங்க. தொடைக்கிற துணியையும் எடுத்துட்டு வாங்க."

வந்தார். செல்வியின் தகட்டையும் அதற்குள் பாதி ஓட்டியிருந்தேன். அதிலும் அதே வில்கள்தான், கொஞ்சம் குறைவாக. திரை முன்னால் நின்ற பாயிடம் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கையைத் தூக்கி, காற்றிலேயே ஒருமுறை துடைத்துப் பார்த்தார். கை அந்தக் கோட்டின் வழியே போயிற்று. நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார்.

"அப்ப செல்வி?"

"செல்வி தகட்டுலயும் உங்க கைதாங்க பாய் இருக்குது. உங்க தகட்டுல இன்னும் அதிகமா இருக்குது."

"நான் போட்டதாச்சேன்னு ரெண்டு தடவ கூடத் தொடைச்சிருப்பேங்க" என்றார் மெதுவாக.

5. துணியில் என்ன

ஆனால் துணி மெத்தென்று இருந்தது. அந்தத் துணியால் அலுமினியத்தைக் கீற முடியும் என்று என்னாலேயே நம்ப முடியவில்லை. சாதாரண நுண்ணோக்கியில் ஒரு நூலை வைத்துப் பார்த்தோம். நூல் நெடுக வெள்ளை வெள்ளையாகப் பொடிமணிகள் ஒட்டியிருந்தன. கெமிஸ்ட்ரி துறையிலிருந்து நீர்த்த அமிலம் ஒரு சொட்டு வாங்கி விட்டேன். நுரைத்துக் காணாமல் போயின.

இந்த மாவட்டத்தில் வெந்நீர் போடுகிற எந்த வீட்டுக்கும் இது தெரிந்த சமாசாரம். ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படிந்து உயிரை வாங்குமே, அதே உப்புதான். அலுமினியமோ மென்மையான உலோகம், நகம் பட்டாலே கோபித்துக்கொள்ளும்.

"துணிய எதுல தொவைக்கிறீங்க பாய்?"

"போர் தண்ணிதாங்க. தெனமும் தொவைச்சு வெயில்ல காயப் போட்டுத்தான் எடுப்பேன். அழுக்குத் துணியால தொடைக்கவே மாட்டேன்." சொன்னவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "மேடம், அந்த மொதல் மாதிரித் தகடு போட்டப்ப போர் மோட்டாரு எரிஞ்சு கெடந்துச்சுங்க. கொழாய்ல வர்ற ஒகேனக்கல் ஆத்துத் தண்ணியக் கொடத்துல புடிச்சு வெச்சுத்தான் எல்லாமே. ஆர்டர் வந்த சந்தோசத்துலதான் மோட்டாரச் சரி பண்ணேன். செல்விய வேலைக்குச் சேத்ததும் அப்பதாங்க."

தினமும் துவைத்து, தினமும் காயவைத்து, தினமும் அந்தத் துணிக்குப் புது உப்பு ஏற்றியிருக்கிறார். அவர் அவ்வளவு சுத்தம் பார்க்காதவராக இருந்திருந்தால் கீறல்கள் குறைவாகவே இருந்திருக்கும். எனக்கு வந்த சிரிப்பை அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவரோ சத்தமாகச் சிரித்துவிட்டார். வந்த நாளிலிருந்து அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

6. ஒன்றுமில்லாத படம்

கடைசி லாட்டை ஓசூருக்கு அனுப்புவதற்கு முன் அதிலிருந்து ஒரு தகட்டை எடுத்துக்கொண்டு பாய் வந்தார். இந்தமுறை செல்வியும் கூட வந்திருந்தாள். தகட்டின் முதுகில் 'செ' என்று இருந்தது. இந்த ஒரு தகட்டுக்கு மட்டும் அவளை வீலில் உட்கார விட்டாராம். பாலிஷ் போட்டு, காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவி, காற்றடித்துக் காயவைத்தது. துணியே படவில்லை.

மட்டம் பார்த்து, கேமராவை மூடி, கட்டம் கட்டமாக ஓடவிட்டேன். மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ரிப்பன் ரிப்பனாக வந்தது. எல்லாம் சாம்பல் நிறம். ஒரு தூசி, மறுபடி சாம்பல், மறுபடி சாம்பல்.

வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஒன்னுமே தெரியலீங்களே மேடம். மெஷினு ஓடுதுங்களா?" என்று கேட்டார் பாய்.

"ஓடுதுங்க பாய். ஒன்னும் இல்ல, அதான் ஒன்னும் தெரியல."

செல்வி பக்கத்தில் வந்து திரையை உற்றுப் பார்த்தாள். "இது நான் போட்டதுங்களா?" என்றாள்.

"நீ போட்டதுதாம்மா" என்றார் பாய். அவள் பக்கம் திரும்பி, "நாளையிலருந்து வீல்ல உக்காரு" என்றார். அவள் தலையாட்டினாள். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது, ஏசி காற்று என்று சமாளித்தேன்.

தகட்டை மேடையிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது பாயின் கை தானாகச் சட்டைப் பைக்குள் போய்த் துணியோடு வெளியே வந்தது.

"அண்ணா" என்றாள் செல்வி.

பாய் துணியைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், துணியைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த லாட் திரும்பி வரவில்லை. ஆர்டர் பாயிடமே நிலைத்தது.

இனி இந்த நாற்காலிக்கு வரப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேகம் வேண்டுமானால் டிப்பை விரட்டாதீர்கள். நேரம் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். கேட்ட கேள்விக்குப் பதினாறு வரி போதுமானால் ஐந்நூறு வரி ஓட்டி அழகு பார்க்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். நல்ல இடமாகப் பார்த்து இறக்கிவிட்டு 'ஒன்றுமில்லை' என்று நாங்கள் எழுதிய ரிப்போர்ட்டுக்கு அர்த்தமில்லை. கண்ணை மூடி இறக்கிய இடத்திலெல்லாம் ஒன்றுமில்லை என்று வந்ததே, அதுதான் ஒன்றுமில்லை.

போன மாதம் பாயின் பட்டறைக்குப் போயிருந்தேன். அந்தக் கடைசிப் படத்தைக் கேட்டு வாங்கிப்போயிருந்தவர், அதற்குச் சட்டம் போட்டு வாசலுக்கு நேரே மாட்டியிருக்கிறார். சாம்பல் நிறத்தில் வெறும் பட்டைகள். வருகிறவர்கள் எல்லாம் இது என்ன படம் என்று கேட்கிறார்களாம். வீலை நிறுத்திவிட்டு எழுந்து வந்து பதில் சொல்வது செல்வியாம். அந்த வெள்ளைத் துணி வெளியே, பாயின் பைக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறது.